காலடிப்பேட்டைக் கால்

தங்கை மகனுக்கு அக்னிவீர் லிஸ்டில் பெயர் வந்துவிட்டது என்று தெரிந்த அன்று சாயங்காலமே, அவனுக்கு யோசனை சொல்லத் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள். டீக்கடைக்காரர் "தெகிரியமா இரு, அவ்ளோதான்" என்றார். இஸ்திரி வண்டிக்காரர், தான் வாலிபத்தில் ஆளெடுப்புக்குப் போய் ஓட்டத்தில் பாதியில் சுருண்டு விழுந்த கதையை முழுசாகச் சொல்லிவிட்டு, அந்த மாதிரி விழாதே என்று முடித்தார். எதிர்வீட்டுப் பாட்டி "எவங்கிட்டயும் வாய் குடுக்காத நைனா" என்று கையில் நூறு ரூபாயைத் திணித்தாள். அன்றைக்குச் சொல்லப்பட்டதிலேயே உருப்படியானது அதுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. தெருவில் பட்டாளத்துத் துணியைப் போட்டவன் நான் ஒருத்தன்தான். 24 வருஷம் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து, ஹவில்தாராக வீடு வந்து சேர்ந்தவன். இப்போது ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டைப் பார்த்துக்கொள்கிறேன். கூட்டம் கலைந்தபிறகு பையன் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நீ இன்னா சொல்ற?"

"கால் நகத்த நேரா வெட்டு. ஓரத்துல வளைச்சு வெட்டாத. உள்ள வளரும்."

ஏமாந்துபோனான். சினிமாவில் மிலிட்டரிக்காரர் பேசுகிற மாதிரி ஏதாவது வரும் என்று காத்திருந்தான் போல. என்ன செய்வது, பயிற்சிக்குப் போகிற பையனுக்கு முதல் மூன்று மாதம் வருகிற தொல்லையில் முக்கால்வாசி முழங்காலுக்குக் கீழேதான் வரும்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே கால் இருக்கிறது. பெருமாள் காலடி பட்ட இடம், அதனால்தான் காலடிப்பேட்டை என்று சின்ன வயசில் நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே இருந்ததால் சந்தேகப்படத் தோன்றவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, கால் அடி எல்லாம் ஒன்றும் கிடையாது. ஜோசப் கொலட் என்று ஒரு துரை, 1717 முதல் 1720 வரை கோட்டையில் கவர்னர். நெசவுக் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடிவைத்தார். அவர் பெயரில் வந்த கொலட்பேட்டை நம் ஜனங்களின் வாயில் புகுந்து காலடிப்பேட்டையாக வெளியே வந்தது. கோயிலுக்கும் அவர் பெயரில் ஒரு கதை உண்டு. அவரிடம் வேலை பார்த்த ஒருவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். அந்த அலைச்சலைப் பார்த்து துரை இங்கேயே பெருமாளை எழுந்தருளச் செய்தாராம். காஞ்சிபுரம் போய்வர நூறு மைல் ஆகுமே, தினமும் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கதை என்றால் கொஞ்சம் நடக்கத்தான் வேண்டும்.

ஆனால் பட்டாளத்துக்கு நடந்தவர்கள் இங்கே இல்லை. துறைமுகம், விம்கோ, எம்.ஆர்.எஃப்., அசோக் லேலண்ட், எண்ணூர் அனல்மின் நிலையம் என்று பையன்கள் டிபன் பாக்ஸோடு உள்ளே போக எத்தனையோ கேட் இருந்தன. எங்கள் அப்பா என்ஃபீல்டில் இருந்தார். 1955-ல் திருவொற்றியூரில் புல்லட் பூட்ட ஆரம்பித்ததே ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதால்தான் என்று சொல்லுவார். "நாங்க முடுக்கின நட்டுதாண்டா பார்டர்ல ஓடுது" என்பார். எங்கள் குடும்பத்துக்கும் ராணுவத்துக்கும் இருந்த சம்பந்தம் அந்த நட்டு மட்டும்தான்.

கம்மவான்பேட்டை அப்படி இல்லை. வேலூர் பக்கம், அப்போது வட ஆற்காடு மாவட்டம். ஊருக்கே ராணுவப்பேட்டை என்று பட்டப்பெயர். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து என் பேட்சில் ஒருத்தன் வந்திருந்தான். பத்தொன்பது வயசு, ஆனால் மூன்று தலைமுறை அவனுக்குள் உட்கார்ந்திருந்தது. முதல் நாளே டிரங்குப் பெட்டியைத் திறந்து லைஃப்பாய் சோப்பை எடுத்தான். காய்ந்த சோப்பை சாக்ஸுக்கு உட்பக்கம், குதிகாலும் கட்டைவிரலும் உரசுகிற இடத்தில் அழுத்தித் தேய்த்தான். எதற்கு என்று கேட்டேன். "தாத்தா சொன்னது" என்றான். தோல் வழுக்கிக்கொடுக்கும், கொப்புளம் கட்டாது. எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தோளில் காய்ப்பு ஏறாமல் மூட்டையை எப்படிப் போடுவது என்று சொல்லித் தந்திருக்கிறார். பூட்ஸைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

நான் சேர்ந்தது 1988. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இருந்த நேரம். எங்கள் பக்கம் சலூன் சுவரில்கூட ஈழத்துப் படங்கள் ஒட்டியிருக்கும். "போயும் போயும் இப்பவா சேருவ?" என்று அந்த சலூனிலேயே ஒருவர் கேட்டார். அப்பா பக்கத்து நாற்காலியில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார், பதில் சொல்லவில்லை. 1990 மார்ச்சில் படை கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. என்னை இலங்கைக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பயிற்சிக்குக் கிளம்பிய அன்று, சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். வாரண்ட் டிக்கெட்டில் எங்களைப் போல முப்பது பேர். விடிகாலை மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் சக்திமான் லாரி நிற்கிறது. பர்லியார் தாண்டி மலை ஏற ஏற, கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த என் காது அடைத்துக்கொண்டது. குன்னூர் வந்தபோது பல் தந்தியடித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த வெலிங்டன் ஆறாயிரம் அடிக்கு மேல். அதுவரை நான் மூச்சு விட்ட காற்றில் மணலி சுத்திகரிப்பு ஆலையும் காசிமேட்டுக் கருவாடும் கலந்திருக்கும். இங்கே வாசனையே இல்லாத காற்று. முதல் இரண்டு நாள் அதுவே ஒரு மாதிரி பயமாக இருந்தது.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் அங்கே 1947 முதல் இருக்கிறது. ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் முடி போயிற்று. பெயருக்கு முன்னால் ஒரு நம்பர் வந்தது. அந்த நம்பரை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லுவேன். மனைவியின் செல்போன் நம்பர் தெரியாது.

பாரக்கில் ஒரு பக்கம் கொல்லத்துக்காரன், இன்னொரு பக்கம் ஸ்ரீகாகுளத்துக்காரன். உத்தரவு எல்லாம் இந்தியில். சாவ்தான், விஸ்ராம், தேஜ் சல், பீச்சே முட். அர்த்தம் தெரிந்து திரும்பியவர்கள் பாதிப் பேர். பக்கத்து ஆள் திரும்பியதைப் பார்த்துத் திரும்பியவர்கள் மீதி. கொல்லத்துக்காரனும் நானும் எதிரும் புதிருமாக முகத்தை வைத்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் கம்பளி கமீசுக்குள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அதற்கப்புறம் ஓடவிடுவார்.

டிரில் பூட்டுக்கு அடியில் இரும்பு லாடம். குதிகாலை ஓங்கி வைத்தால் மைதானம் முழுக்க ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். முப்பது பேரில் ஒருத்தன் பிந்தினாலும் அந்தச் சத்தத்துக்கு ஒரு வால் முளைக்கும். அந்த வால் பெரும்பாலும் நான். ஒரு நாள் உஸ்தாத் அருகில் வந்து, தமிழில்தான், "எந்த ஊர்டா?" என்றார்.

"காலடிப்பேட்டை சாப்."

"காலடிப்பேட்டைக்காரனுக்குக் காலடி வைக்கத் தெரியலை."

மொத்த வரிசையும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கியது. அன்றையிலிருந்து எனக்குப் பெயர் காலடி. 24 வருஷம் கழித்து ரிட்டயர் ஆகும்போதும் அதே பெயர். கொலட் துரை கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. டிரில் மைதானத்தில் சரித்திரம் பேசக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு விவரம் வந்திருந்தது.

அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது. காலடி என்று கூப்பிடுகிறவர்கள் முன்னால் கால் நோகிறது என்று எப்படிச் சொல்வது?

ஒன்பதாவது வாரம் இருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு இடம். ஓட ஆரம்பிக்கும்போது சுருக் என்று இருக்கும், ஓடி உடம்பு சூடானதும் மறைந்துவிடும். அடுத்த வாரம் மறையவில்லை. அதற்கடுத்த வாரம் ராத்திரி படுத்திருக்கும்போதே வலித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி நொண்டுவேன். அதற்காகவே எல்லாருக்கும் முன்னால் எழுந்து, இருட்டிலேயே கழிப்பறைக்குப் போய் வந்துவிடுவேன். எட்டுப் பத்துப் பேர் பார்க்கிற நேரத்தில் நடை சரியாகியிருக்கும். கம்மவான்பேட்டைக்காரன் மட்டும் கண்டுபிடித்தான். "எம்.ஐ. ரூமுக்குப் போ, டாக்டரப் பாரு. சிக் ரிப்போர்ட் எழுது" என்றான். எழுதினால் லைட் டியூட்டி போடுவார்கள். ரொம்ப நாள் ஆனால் ரெலிகேட். அதாவது உன் பேட்சிலிருந்து கழற்றி, உனக்குப் பின்னால் வந்த பேட்சில் சேர்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஃபெயில் ஆவதைவிட அது அவமானம். ஃபெயில் ஆனால் வீட்டுக்குப் போய் அழலாம், இங்கே பக்கத்து பாரக்கில் படுத்துக்கொண்டு பழைய கூட்டாளிகள் பூட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "ஒண்ணும் இல்லடா, சுளுக்கு" என்றேன். வடசென்னையில் வளர்ந்தவனுக்கு வலி என்பது எதிராளிக்குக் காட்டக் கூடாத சீட்டு. தெருவில் பந்து ஆடி முட்டி பிளந்தபோதும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் நாங்கள்.

முதுகில் பிட்டுப் பை, கையில் எஸ்.எல்.ஆர். ரைஃபிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். வெலிங்டனில் ஓட்டம் என்றால் ஒன்று மேடு, இல்லாவிட்டால் பள்ளம். பள்ளத்தில் இறங்கும்போதுதான் எலும்பு வாங்கும். கடைசி இறக்கத்தில் ஒரு சின்ன சத்தம், முருங்கைக்காயை ஒடிப்பது போல. எனக்கு மட்டும் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேயிலைச் செடி ஓரத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்து, ரைஃபிள் மண்ணில் படாமல் மடியில் தூக்கி வைத்திருந்தேன். அந்த நிலையிலும் அது ஒன்று சரியாகச் செய்தேன்.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி டாக்டர். கட்டைவிரலால் எலும்பின் மேலேயே மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தார். ஒரே ஒரு இடத்தில் நான் கட்டிலை விட்டு எழும்பினேன்.

"எப்போ தொடங்கி?"

"இன்னைக்குத்தான் சாப்."

எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். எலும்பின் ஓரத்தில் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாக ஒரு புகை. அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. இந்த மாதிரிக் களைப்பு முறிவு முதலில் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாதாம். மயிரிழை விரிசல். இரண்டு மூன்று வாரம் கழித்து உடம்பு தானாகவே அதை மூடப் புது எலும்பு வைக்கும், அந்தப் பூச்சுத்தான் வெள்ளையாகத் தெரியும். "இன்னைக்குத் தொடங்கியதல்ல, தம்பி. உன்னோட உடம்பு மூணு வாரமாய் ரிப்பேர் செய்யுது. நீ மூணு வாரமாய் உடைக்குது" என்றார். அவர் தமிழ் அப்படி. திட்டவில்லை. முதல் வாரமே வந்திருந்தால் பத்துப் பதினைந்து நாள் ஓய்வோடு போயிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு மாவுக்கட்டு போடச் சொன்னார். ஆறு வாரம். ரெலிகேட்.

என் பேட்சின் கசம் பரேட் அன்றைக்கு நான் ஓரத்தில், கைத்தடியோடு. கொடி முன்னால் வந்தது. அவரவர் வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம். "வீர மதராஸி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்று மலை எதிரொலிக்கக் கத்தினார்கள். கம்மவான்பேட்டைக்காரனின் தாத்தா மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருந்தார். கொல்லத்துக்காரனின் அம்மா பரேட் முடிந்ததும் பையனைத் தேடி வந்து, முதலில் தப்பாக வேறு ஒருத்தனைக் கட்டிப்பிடித்துவிட்டாள். எல்லா மொட்டையும் ஒரே மாதிரிதானே. குதிகால் சத்தம் அன்றைக்கு வால் இல்லாமல் விழுந்தது. அதையும் கவனித்தேன்.

வீட்டுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். இங்கே ஓயாத மழை, பரேடைத் தள்ளி வைத்துவிட்டார்கள், நான் சுகம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆறாவது படித்துக்கொண்டிருந்த தங்கைதான் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அம்மா வெலிங்டன் மழையை ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள் என்று அடுத்த கடிதத்தில் தங்கை எழுதியிருந்தாள். அடுத்த பேட்சோடு நான் சத்தியம் எடுத்துக்கொண்டபோது வானம் வெறிச்சென்று இருந்தது. அப்பா மட்டும் வந்திருந்தார்.

இந்த ரெலிகேட் கதையை நான் வீட்டில் சொன்னதே இல்லை. கல்யாணம் ஆனபோது மனைவியிடமும் சொல்லவில்லை.

தங்கை மகன் என்னை விடக் கெட்டிக்காரன். ராத்திரி எட்டுக்குப் படுத்து விடியற்காலை நாலுக்கு எழுந்து, எண்ணூர் விரைவுச் சாலையில் காசிமேடு வரைக்கும் ஓடுவான். துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கிற டிரெய்லர்களுக்கும் கடலுக்குக் கொட்டிய கருங்கல்லுக்கும் நடுவில் கிடைக்கிற தார் ஓரம்தான் அவன் மைதானம். லாரி டிரைவர்கள் ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டே "எவ்ளோ?" என்று கேட்பார்கள், நேரத்தைச் சொல்லிக்கொண்டே ஓடுவான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்கு முழு 60 மார்க். புல் அப்ஸ் பத்து எடுத்தால் 40. எங்கள் காலத்தில் முதலில் ஓட்டம், அப்புறம்தான் எழுத்து. இவர்களுக்கு முதலில் ஆன்லைன் பரீட்சை.

திட்டமும் வேறு. 2022 ஜூனில் அக்னிபத் அறிவித்தார்கள். நாலு வருஷம். முதல் வருஷம் மாசம் 30,000 ரூபாய், அதில் 9,000 நிதிக்குப் பிடித்தம். முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், பென்ஷன் கிடையாது. எனக்கு மாசாமாசம் பென்ஷன் வருகிறது. அதை வைத்துக்கொண்டு இவனிடம் நாட்டுப்பற்று பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. "நாலு வருஷம் சம்பளத்த அம்மா பேர்ல போடு, வண்டி வாங்காத" என்றேன். புல்லட் வாங்கத்தான் போகிறான். தாத்தா பூட்டிய வண்டியாயிற்றே என்பான், வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு மாசமாக அவனுக்கு வெலிங்டனைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். குளிர் தண்ணீரை முதலில் காலில் ஊற்று, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்தாதே, மேடு ஏறும்போது உடம்பை முன்னால் சாய். ஆர்டர் வந்தது. ஹைதராபாத், ஆர்ட்டிலரி சென்டர். கோல்கொண்டா கோட்டைப் பக்கம், பாறையும் வெயிலும். நான் நடத்திய பாடத்தில் பாதியைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. மிச்சமானது கால் மட்டும்தான்.

கிளம்ப மூன்று வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டு அவனைக் கூடத்தில் உட்கார வைத்து ஆரம்பித்தேன். சோப்பைக் காட்டினேன். இரண்டு ஜோடி சாக்ஸ், ஒன்று காயும்போது ஒன்று. ஈர சாக்ஸில் தூங்காதே. விரல் இடுக்கைத் துடைத்துப் பவுடர் போடு. கொப்புளம் கட்டினால் தோலைக் கிழிக்காதே, ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டுத் தண்ணீரை மட்டும் எடு. போட்ட சாப்பாட்டை மிச்சம் வைக்காதே, பிடிக்காத காயையும் சேர்த்து. இந்தியில் ஒன்றிலிருந்து நூறு வரை இப்போதே படித்துக்கொள். உஸ்தாத் கத்தினால் அது உன்னை இல்லை, உன் நம்பரை.

"சரி மாமா, சரி மாமா" என்று தலையாட்டிக்கொண்டே ஒரு கண்ணால் போனைப் பார்த்தான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன். சோப்பு தேய்க்கிறவன் சொன்னதைக் கேட்காமல் நான் மூன்று வாரம் இருட்டில் நொண்டியதை, ஜன்னலுக்கு நேராகப் பிடித்த ஃபிலிமை, கைத்தடியோடு ஓரத்தில் நின்றதை. "மழை எல்லாம் பேயல. நாந்தான் பேஞ்சேன்" என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தங்கை கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள்.

"அப்போ அந்த லெட்டரு?"

பதில் சொல்லவில்லை.

"நாந்தானே படிச்சேன். மூணு வாட்டி படிக்கச் சொல்லிச்சு அம்மா. நீ பொய் எழுதி, அத என் வாயால படிக்க வெச்சிருக்க." 47 வயசுக்காரி, ஆறாவது படிக்கிற பெண் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது?

அவள் என்னோடு அதற்குமேல் பேசவில்லை. கரண்டியை டிவி மேல் வைத்தாள். மகன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"காலக் காட்றா."

"இன்னாமா?"

"காட்றான்றேன்."

லுங்கியை முழங்கால் வரை சுருட்டினான். அவளுக்கு எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை, நான் சொன்னதைக் கேட்டதோடு சரி. கட்டைவிரலை முன்னெலும்பில் வைத்து, கணுக்காலிலிருந்து மேலே அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு வந்தாள். வலது காலில் ஒன்றும் இல்லை. இடது காலில் பாதி தூரம் வந்ததும் பையன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

"எப்பலேந்து?"

"இப்பதாம்மா, நேத்து..."

என் முகத்தைப் பார்த்தான். மீதியைச் சொல்லாமல் நிறுத்திவிட்டான். பிறகு "இருவது நாள் இருக்கும்" என்றான். தார் ரோடு, தேய்ந்துபோன ஷூ, காசிமேடு போய் வர தினமும். லிஸ்டில் பெயர் வந்த பிறகு கால் வலி என்று சொன்னால் எங்கே அனுப்பாமல் விட்டுவிடுவோமோ என்று பயம். எனக்கு அவனைத் திட்ட எந்த யோக்கியதையும் இல்லை. போய் மாடியில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எலும்புப் பிரிவில் இளம் டாக்டர் ஒருத்தர் எக்ஸ்ரே பார்த்தார். சுத்தமாக இருந்தது. பையன் முகத்தில் சிரிப்பு வந்தது. "ஃபிலிம்ல தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல" என்று அவர் சொல்லும்போதே எனக்கு ஜன்னலோரம் நின்ற அந்த மலையாளி டாக்டர் ஞாபகம் வந்தார். 36 வருஷம் கழித்து, வேறு ஊரில், அதே பாடம். ஓட்டம் கூடாது, குதிக்கக் கூடாது. நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். இரண்டு வாரம் கழித்து அழுத்திப் பார்த்து வலி இல்லாவிட்டால் மெதுவாக ஆரம்பிக்கலாம். போகிற இடத்திலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றார். லாரி டிரைவர்கள் தம்பியைக் காணோமே என்று விசாரித்ததாக டீக்கடையில் சொன்னார்கள். தங்கை தினமும் காலையில், பல் விளக்கும் முன்னாலேயே, அவன் காலை அழுத்திப் பார்ப்பாள். பன்னிரண்டாவது நாள் அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

2024 மழைக்காலத்தில் கிளம்பினான். தேங்கிய தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலடிப்பேட்டை மெட்ரோ வரை நடந்தோம். என்னுடைய பழைய கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கேட்டான். இப்போது அதெல்லாம் அங்கேயே தருவார்கள், வேண்டாம் என்றேன். ஒரு லைஃப்பாய் சோப்பை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். சார்மினார் எக்ஸ்பிரஸ் நகர்ந்தபோது ஜன்னலில் கை ஆட்டியவன் மொட்டையாகத் தெரிந்தான். முடி இருந்தது, எனக்குத்தான் அப்படித் தெரிந்தது.

பதினோரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிற இரைச்சல். பேச ஐந்து நிமிஷம்தான் என்றான். தங்கை என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா, ஜுரம் இல்லையே என்று நாலு நிமிஷத்தைச் செலவழித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மாமா, எந்த ஊருன்னு உஸ்தாத் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"காலடிப்பேட்டைன்னேன். அப்படின்னா இன்னான்னாரு. கொலட்டு கதைய முழுசா சொன்னேன், இந்தியில."

"முழுசாவா?"

"காஞ்சிபுரம் வரைக்கும் சொன்னேன். அதுக்கப்புறம் கிரவுண்ட மூணு ரவுண்டு ஓடச் சொல்ட்டாரு."

நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தங்கை போனைப் பிடுங்கினாள். "ஓடுனியா? காலு? டேய், காலு எப்படி இருக்கு?" என்று கத்தினாள். அதற்குள் லைன் போய்விட்டிருந்தது.